செல்ஃப் அடிக்கும் முன்: நெடுநாள் நின்ற காரின் பெட்ரோல் பாதை

பத்து வருடம் ஷெட்டில் நின்ற காருக்குப் புது பேட்டரி போட்டதும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும்: டேங்க்கில் ஐந்து லிட்டர் பெட்ரோலை ஊற்றிச் செல்ஃப் அடித்துப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டி கிளம்பாவிட்டால் நஷ்டம் கொஞ்சம். கிளம்பிவிட்டால்தான் நஷ்டம் பெரிது.

டேங்க்கின் அடியில் கிடக்கும் பழைய பெட்ரோலில் பிசின் கரைந்திருக்கும். இன்ஜினுக்குள் போனால் அது இன்டேக் வால்வுகளின் தண்டில் படியும். இன்ஜின் சூடாக இருக்கும்வரை பிசின் இளகி இருப்பதால் வண்டி நன்றாகவே ஓடும். வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள், தெருவில் ஒரு சுற்றும் போய் வருவீர்கள். இரவில் இன்ஜின் ஆறியதும் பிசின் இறுகி, வால்வுத் தண்டைக் கைடோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் செல்ஃப் அடித்தால் கேம் ஷாஃப்ட் கீழிருந்து தள்ளும், வால்வு நகராது, நடுவில் மாட்டிய புஷ் ராட் வளையும். டேங்க்கைக் கழுவியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் வேலை, ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.

எனவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே வரிசைதான். டேங்க்கில் தொடங்கி, குழாய், பம்ப், கார்ப்புரேட்டர் என்று முன்னோக்கி வாருங்கள். இன்ஜின் கடைசி. அதற்குப் போகும் முதல் சொட்டுப் பெட்ரோலும் காரின் சொந்த டேங்க்கிலிருந்து வரக்கூடாது, தனிக் கேனிலிருந்து வரவேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊர் ஷெட்டுகளில் அதிகம் நிற்கும் பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதியது. 1489 சிசி இன்ஜின் கொண்ட அம்பாசடர், 1089 சிசி கொண்ட ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை அவை. எல்லாவற்றிலும் பெட்ரோல் பாதை ஏறத்தாழ ஒன்றேதான். பின்னால் டேங்க், வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் உலோகக் குழாய், இன்ஜினின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட் இயக்கும் டயஃப்ரம் பம்ப், மேலே ஒற்றைக் கார்ப்புரேட்டர். டீசல் அம்பாசடருக்கு இது பொருந்தாது.

பெட்ரோல் எப்படிக் கெடுகிறது

பெட்ரோல் என்பது பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் லேசானவை முதலில் ஆவியாகிப் போகும். குளிர்ந்த இன்ஜின் சட்டென்று பற்றுவதற்கு உதவுபவை அவைதான். மிச்சம் இருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும். நிறம் கருப்பட்டிக் காப்பி அளவுக்குக் கறுக்கும், பெட்ரோல் வாடை போய் வார்னிஷ் வாடை வரும். மூடியைத் திறந்ததும் அந்த வாடை அடித்தால் வேறு சோதனையே வேண்டாம். உள்ளே இருப்பதில் ஒரு சொட்டும் உதவாது. புதுப் பெட்ரோலோடு கலந்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கலந்தால் பிசின் நீர்த்துப்போகுமே தவிர, இல்லாமல் போகாது.

எத்தனால் வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் அறிமுகமானது. இன்று சாதாரணமாகப் பங்க்கில் கிடைப்பது அதுதான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இழுப்பதற்கு ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஓரளவுவரை தண்ணீர் கலவைக்குள்ளேயே தங்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து தனிப் படலமாக அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. இன்ஜினுக்கு முதலில் போவது பெட்ரோல் அல்ல, அந்தப் படலம். டேங்க்கின் அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைப்பதும் அதுவே.

உங்கள் பங்க்கில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு, மேலே 90 மில்லி பெட்ரோல் ஊற்றுங்கள். வாயை மூடி நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்விடும். எத்தனால் இல்லையென்றால் கீழ்ப்படலம் 10இலேயே நிற்கும். இ20 என்றால் ஏறத்தாழ 28 வரை ஏறும். சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்க்கில் ஊற்றாதீர்கள்.

தொடங்கும் முன்

வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். அதனால் சர்வீஸ் குழி உள்ள ஷெட்டில் டேங்க்கைக் காலிசெய்வது மிகவும் ஆபத்து. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். குண்டு பல்பு கை விளக்கு வேண்டாம், கீழே விழுந்து உடைந்தால் அந்தப் பொறியே போதும். எல்இடி டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எரியும் பெட்ரோல்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

கையுறை போடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நாடு முழுவதும் நின்றது 2000 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பே நிறுத்திய வண்டி என்றால் உள்ளே ஈயப் பெட்ரோல் இருக்கலாம். அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழாயை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சும் பழக்கத்தை விடுங்கள். விழுங்குவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் மோசம். ஒரு மடக்கு போதும், நிமோனியா மாதிரியான பாதிப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுக்க நேரும். கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் நூற்றுச் சொச்ச ரூபாய்க்குக் கிடைக்கிறது.

டேங்க்

அடியில் ட்ரெயின் பிளக் இருந்தால், அதற்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கழலவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம். பிளக்கோடு சேர்ந்து அதைப் பிடித்திருக்கும் தகடும் பிய்ந்து வரும். மேல் வழியாகவே உறிஞ்சி எடுங்கள். முதலில் வரும் ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் நிற்கிறதா, சிவப்பாகத் துருத்தூள் படிந்திருக்கிறதா, கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்பதை அந்தப் பாட்டிலே சொல்லிவிடும். பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள், கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடும். தகர டின்னில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுத்துப்போகும் ஆட்களிடம் இது பெட்ரோல் என்று சொல்லிக் கொடுங்கள்.

பிறகு பெட்ரோல் கேஜின் மிதவை யூனிட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தகடு மங்கலான சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பழைய டேங்க் தகடுகளுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு கொடுப்பார்கள். அந்தப் பூச்சு நல்லபடியாக இருக்கும் டேங்க்கில் ஆசிட் ஊற்றுவதும், சங்கிலி போட்டுக் குலுக்குவதும் இருப்பதைக் கெடுக்கும் வேலை. இரண்டு மூன்று லிட்டர் புதுப் பெட்ரோல் விட்டு அலசி, வடிகட்டி எடுத்தால் போதும்.

துரு ஏறியிருந்தால் டேங்க்கை வண்டியிலிருந்து இறக்குங்கள். முதலில் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் பலமுறை அலசிப் பெட்ரோல் வாடையைப் போக்குங்கள். உதிரும் துருவைக் கிளப்ப ஒரு முழம் சைக்கிள் செயினை உள்ளே போட்டுக் குலுக்கலாம். மறு முனையைக் கம்பியில் கட்டி வெளியே விட்டுக்கொள்ளுங்கள், திரும்ப எடுக்க வேண்டுமே. அடுத்தது சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து டேங்க்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். அம்பாசடர் டேங்க் 54 லிட்டர் பிடிக்கும், ஆக மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். பாதி நிரப்பித் திருப்பித் திருப்பி வைக்கும் சிக்கனம் இங்கே செல்லாது. திரவத்துக்கு மேலே காற்றுப்படும் தகடு புதிதாகத் துருப்பிடிக்கும். வாயை மூடாமல் ஒரு நாள் வைத்து, இடையிடையே பாருங்கள். தகடு வெளுத்ததும் கொட்டிவிட்டு, சோடா உப்புக் கரைசலால் அலசி ஆசிட்டை முறிக்க வேண்டும். அடுத்து நல்ல தண்ணீர். அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. கழுவிய இரும்பு கண்ணெதிரே செம்மஞ்சளாகும். புளோயரால் உலர்த்தி, உடனே கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள்.

பொத்தல் இருந்தால் பற்றவைக்க ரேடியேட்டர் கடைதான் சரியான இடம். கொடுக்கும்போது அது பெட்ரோல் டேங்க் என்றும், எப்போது காலிசெய்தது என்றும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். எத்தனை முறை கழுவினாலும் மடிப்புகளுக்குள் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். தகட்டை நெருப்பு தொட்டால் டேங்க் வெடிக்கும். உள்ளே பூசும் சீலர் திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல எத்தனாலுக்குத் தாங்காமல் ஒரு வருடத்தில் தோல் தோலாக உரிந்து, உறிஞ்சும் குழாயை அடைத்துக்கொள்ளும். உரிந்ததை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கஷ்டம்.

மூடியை மறக்காதீர்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக மூடியிலோ தனிக் குழாயிலோ சிறு துளை இருக்கும். குளவி கூடு கட்டியிருந்தால்கூட அது அடைபடும்.

குழாயும் பம்ப்பும்

வண்டிக்கு அடியில் ஓடும் குழாயை இரண்டு முனையும் கழற்றி, பஞ்சர் கடைக் கம்ப்ரெஸர் காற்றால் இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஊதுங்கள். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகட்டும். மறுமுனையில் வெள்ளைத்துணி கட்டி வைத்தால் என்ன வருகிறது என்று தெரியும். துருவேறிய குழாயை ஒட்டுப்போடாதீர்கள், முழுநீளம் புதிதாக மாற்றுங்கள்.

ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும், பார்க்க நன்றாக இருப்பவை உட்பட, தூக்கிப் போடுங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் உப்பும், உட்புறம் இளகித் துணுக்காக உதிரும். வெளியே தெரியாது. புது ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று இருந்தால் எத்தனாலுக்குத் தாங்கும். எந்த எழுத்தும் இல்லாத கறுப்புக் குழாயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பம்ப்புக்கு முன்னால், கண்ணில் படும் இடத்தில், உள்ளே இருப்பது தெரியும்படியான ஃபில்டர் ஒன்று போடுங்கள். வண்டியில் முதலில் அது இல்லாமல் இருக்கலாம். அசல் தன்மை கெடுகிறது என்று தயங்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்லும் டயஃப்ரம் பம்ப்பைச் சோதிப்பது சுலபம். உறிஞ்சும் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, கையால் அடிக்கும் லீவரை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். விரலை இழுத்துப் பிடிக்க வேண்டும், சில நொடிகள் பிடி விடவும் கூடாது. லீவர் தொளதொளவென்று எந்தத் தடையும் இல்லாமல் ஆடினால் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேம் ஷாஃப்ட்டின் மேடு அந்த நேரத்தில் பம்ப்பின் கையை அழுத்திக்கொண்டு நிற்கலாம். இன்ஜினை ஒரு முழுச்சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் கேம் அரைச் சுற்று சுற்றும், மேடு மறுபக்கம் போய்விடும்.

சோதனையில் தேறினாலும் டயஃப்ரத்தை மாற்றச் சொல்வேன். அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகுவதோடு நிற்காது, நேராக ஆயில் சம்ப்பில் இறங்கும். ஆயில் நீர்த்து, பேரிங்குகள் தேயும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ காரணம் இதுதான். புது டயஃப்ரமும் வால்வுகளும் பேக்கிங்கும் சேர்ந்த கிட்டைச் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். டயஃப்ரம் எத்தனாலுக்குத் தாங்குமா என்பதையும் கேளுங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த அசல் கிட்டைவிடப் புதிதாகச் செய்த சாதா கிட் மேல்.

தொல்லையே வேண்டாம் என்று எலக்ட்ரிக் பம்ப் போடுகிறவர்கள் உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் பம்ப் இதற்கு ஆகாது. கார்ப்புரேட்டரின் நீடில் வால்வு மூன்று, மூன்றரை பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தாங்காது, பெட்ரோல் பொங்கி வழியும். அம்பாசடரில் கார்ப்புரேட்டருக்குக் கீழேயே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கார்ப்புரேட்டர்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத்துணியில் பரப்புங்கள். பித்தளை ஜெட்டுகளுக்குத் தலையின் பிளவில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரைத்தான் பயன்படுத்த வேண்டும். பிசின் பிடித்துத் திரும்ப மறுத்தால், கார்ப்புரேட்டர் கிளீனர் அடித்து ஓர் இரவு விடுங்கள்.

ஜெட்டின் தலையில் ஓர் எண் பொறித்திருக்கும். சோலெக்ஸ் வகைக் கார்ப்புரேட்டர்களில் அந்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். இப்போது இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். துளை 0.05 மில்லிமீட்டர் விரிந்தாலே பரப்பு எட்டரை சதவீதம் கூடிவிடும். கறுப்புப் புகை, குறையும் மைலேஜ், கரி பிடிக்கும் பிளக் எல்லாம் அந்தக் கம்பியின் கைவரிசை. பழைய மெக்கானிக்குகள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியைச் சீவி, அதால்தான் ஜெட்டைத் துடைப்பார்கள். ஈர்க்கு பித்தளையைக் கீறாது. நைலான் தூண்டில் நரம்பும் நல்லது. துடைத்த பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக, விளிம்பு பளிச்சென்று தெரிய வேண்டும். மங்கலான ஒரு வளையம் தெரிந்தால் பிசின் இன்னும் இருக்கிறது.

மெயின் ஜெட்டை எல்லோரும் கழுவுவார்கள். மறப்பது பைலட் ஜெட்டையும், அதிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் மெல்லிய வழிகளையும்தான். துளை சிறிதாக இருப்பதால் முதலில் அடைபடுவது அங்கேதான். ஒவ்வொரு வழியிலும் கிளீனரை அடித்து, அது மறுமுனையில் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எதிர்பாராத ஓட்டையிலிருந்து நேராகக் கண்ணுக்கு அடிக்கும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே களக் என்று சத்தம் கேட்டால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமிழ்த்திப் பிடித்தால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. சால்டர் வைத்து அடைக்கலாம், ஆனால் மிகக் குறைவாக. எடை கூடினால் ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். நீடில் வால்வைத் தலைகீழாகப் பிடித்து, சுத்தமான குழாயால் மெல்ல ஊதினால் காற்று கசியக்கூடாது. கூர்முனையில் வளையமாகத் தேய்ந்த கோடு தெரிந்தால் புதிதாக மாற்றுங்கள். அதன் அடியிலுள்ள வாஷரின் தடிமன்தான் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. பழையதை அளந்து, அதே தடிமனில் போடுங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் சிறிய டயஃப்ரத்தையும் பேக்கிங்குகளையும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இ20 ஓட்டினால் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு ஏறத்தாழ 13.5 வரும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, காற்று மிகும். இன்ஜின் திக்கும், சூடு ஏறும். முதலில் இருப்பதை வைத்தே ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பாக இருந்தால் தொட வேண்டாம். வெள்ளையாக வெளிறியிருந்தால் அடுத்த எண்ணுள்ள ஜெட்டை வாங்கிப் போடுங்கள். 120க்கு அடுத்தது 125. துளையை நீங்களாகப் பெருக்கிக்கொள்ள வேண்டாம், திரும்பப் போக வழியிருக்காது.

முதல் ஓட்டம்

இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க, அம்பாசடர் என்றால் ஹேண்டில் போட்டு, கையாலேயே சில சுற்றுகள் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். டேப்பெட் கவரைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். பிறகு பிளக் இல்லாமலே, இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃப் அடியுங்கள். பாயிண்ட்டைச் சுத்தம் செய்து, பொறி வருகிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடியட்டும். ஆனால் பிளக் ஓட்டைகளுக்கு அருகே பொறியைச் சோதிக்காதீர்கள்.

இனிப் பெட்ரோல். ஒரு லிட்டர் புதுப் பெட்ரோலைத் தகரக் கேனில் எடுத்து, மூடியில் துளையிட்டு, பம்ப்பின் உறிஞ்சும் ஹோஸை உள்ளே விடுங்கள். கேன் தரையில், எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். கேனை மேலே தொங்கவிட்டு நேராகக் கார்ப்புரேட்டருக்கு விடும் வழக்கமும் உண்டு. கசிந்தால் சூடான மேனிஃபோல்டின்மேல் சொட்டும் என்பதால் அது எனக்கு உடன்பாடில்லை. தரையில் வைத்தால் பம்ப்பும் சேர்ந்து சோதனையாகிவிடும். பம்ப் லீவரைக் கையால் அடித்துக் கார்ப்புரேட்டரை நிரப்புங்கள். நிரம்பியதும் லீவரின் தடை தளர்ந்துவிடும். அப்போது ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால்தான் சோக்கை இழுத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும்.

கிளம்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறும விடாதீர்கள். 1200, 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓடட்டும். கண் ஆயில் பிரஷரிலும் கார்ப்புரேட்டரின் அடியிலும் இருக்கட்டும். நிறுத்தி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் செல்ஃப் அடிக்கும் முன் டேப்பெட் கவரைத் திறந்து, ஹேண்டிலால் சுற்றி, எட்டு வால்வும் அசைகிறதா என்று மறுபடியும் பாருங்கள். அசைந்தால், காரின் டேங்க்கை இணைத்துக்கொள்ளலாம். பிரேக்கைப் பார்க்காமல் தெருவுக்கு எடுக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓட்டத்தில் வரும் தொல்லைகள்

கார்ப்புரேட்டர் வழிந்தால் நீடிலில் தூசு மாட்டியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஃப்ளோட் அறையின்மேல் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஸ்லோவில் நிற்காமல் அணைந்தால் பைலட் ஜெட். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திணறிப் பிறகு இழுத்தால் ஆக்ஸிலரேட்டர் பம்ப். பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, மெல்ல மெல்லச் செத்து, சற்று நேரம் கழித்துத் தானாகவே கிளம்பினால் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே போனால் துளை அடைபட்டிருக்கிறது.

சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்ப மறுத்தால், குழாயிலோ பம்ப்பிலோ பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கிறது. பம்ப்பின்மேல் ஈரத்துணி போடும் பழைய வழி இன்றும் பலிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாவதால் இது முன்பைவிட அதிகமாக வருகிறது. நிரந்தரத் தீர்வு, குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கிக் கட்டி, நடுவே ஒரு தகடு தடுப்பு வைப்பது.

எல்லாம் சரியாக ஓடினாலும் முதல் ஒரு மாதம் ஃபில்டரை வாரம் ஒருமுறை பாருங்கள். எத்தனால் டேங்க்கின் மூலைகளில் மிச்சமிருக்கும் பிசினையும் துருவையும் கரைத்துக் கிளப்பிக்கொண்டே இருக்கும். நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள், கழுவி மறுபடி போட வேண்டாம். வண்டியை மாதம் இருமுறையாவது இன்ஜின் முழுச்சூடு ஏறும் அளவுக்கு ஓட்டுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால், கிளம்பும் முன் டேங்க்கைக் காலிசெய்து, உள்ளே ஆயில் கலந்த பெட்ரோலைக் கொஞ்சம் உருட்டி வடித்துவிடுங்கள். கார்ப்புரேட்டரில் இருப்பதையும் வடித்துவிட்டுப் போங்கள்.